பழைய காரின் உண்மைப் பெறுமதி

விலை என்பது ஒன்று. பெறுமதி என்பது வேறொன்று. விலையை விற்பவர் வாயினாற் சொல்லிவிடுகிறார். பெறுமதியை வாங்குபவர்தாம் தேடிக் காணவேண்டியிருக்கிறது. புதிய பொருள்களைப் பொறுத்தவரையில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் சிறிது. கடையிலே ஒரே வகையான புதிய தையற்பொறிகள் பத்து இருந்தால், அவற்றுள் எதனை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயின், ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் உருவாகிய இரண்டு கார்கள், பத்தாண்டுகள் ஓடிய பின்னர் இரு வேறு பொருள்களாகிவிடுகின்றன. ஒன்று மலைநாட்டில் கூரையுள்ள கொட்டகையில் நின்றிருக்கலாம். மற்றொன்று கல்லடியிலோ நாவலடியிலோ நாள்தோறும் கடற்காற்றில் நின்றிருக்கலாம். கழுவித் துடைத்து நிறுத்தினால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். இத்தகைய பழைய காரொன்றின் உண்மைப் பெறுமதியை அறிவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை வசதி படைத்தோரின் விவகாரம் என்று தள்ளிவிடலாகாது. எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் ஒரு குடும்பம் வாகனம் வாங்குகிறதென்றால், அப்பணம் பெரும்பாலும் ஒரு வாழ்நாளின் சேமிப்பாகவே இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியரின் பணிக்கொடை, மத்திய கிழக்கு நாடுகளில் மகனோ மகளோ ஆண்டுக்கணக்கில் உழைத்து அனுப்பிய காசு, விற்ற வயற்காணியின் விலை, அடகு வைத்த நகையின் கடன் ஆகியனவே காராகவும் வானாகவும் முச்சக்கர வண்டியாகவும் உருமாறுகின்றன. அவ்வாறு வாங்கும்போது நான்கைந்து இலட்சம் ரூபாயை மிகையாகக் கொடுத்துவிட்டால், அந்த இழப்பு காரோடு நின்றுவிடாது. பிள்ளையின் மேற்படிப்பும், மீளாத நகையும், முடியாத கூரையும் அதன் பின்னே நிற்கும்.

நம் முன்னோர் இவ்விடயத்தில் நம்மைவிட எச்சரிக்கையாக இருந்தனர் எனலாம். உழவுமாடு வாங்கச் சென்றவர், உடையவர் சொன்ன வயதை நம்பி அமையவில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார், நுகத்திற் பூட்டி இழுக்கவிட்டும் பார்த்தார். உடையவரும் அதனை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. மோட்டார் வண்டிக்கும் பல் உண்டு; அதனை எங்கே பார்ப்பது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ளவேண்டும்.

முதலிற் பெறுமதி எதுவன்று என்பதைத் தெளிந்துகொள்வோம். விற்பவர் அந்தக் காரை எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பது அதன் பெறுமதியன்று. அதன்மீது அவர் எவ்வளவு செலவிட்டார் என்பதுமன்று. புதிய ஒலிபெருக்கியும் அலங்கார விளக்கும் பூட்டியமைக்கு அவருக்கு ஓர் இலட்சம் சென்றிருக்கலாம். அவை நமக்கு வேண்டாதவையாயின், அவற்றால் நமக்கு ஒரு சதமும் பயனில்லை. இலக்கத் தகட்டின் எழுத்து வரிசையைக் கண்டு விலை சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அவ்வரிசை இந்நாட்டில் அவ்வாகனம் பதிவான காலத்தையே காட்டும். ஜப்பானில் ஓரிரு ஆண்டுகள் ஓடிய பின்னர் இங்கு வந்து பதிவான காருக்கு உற்பத்தி ஆண்டு வேறு, பதிவு ஆண்டு வேறு. வயதைப் பார்ப்பவர் இரண்டையும் பதிவுப் புத்தகத்திற் பார்க்கவேண்டும்.

இவற்றினும் பெரிய மயக்கம் ஒன்று அண்மைக் காலத்தில் நம்மைப் பற்றிக்கொண்டது. அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு 2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் மே மாதத்தில் 360 ரூபாயளவிற்குச் சென்றது. புதியன வராமையாற் பழையனவற்றின் விலை ஏறிற்று. ஐந்தாண்டு ஓட்டிய காரை, வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்களை நாம் கண்டோம். அதனால், கார் என்பதும் காணியைப்போல ஆண்டுதோறும் விலையேறும் சொத்து என்ற எண்ணம் பலருடைய மனத்தில் வேரூன்றிவிட்டது. அது தவறான எண்ணம். அன்று ஏறியது காரின் பெறுமதியன்று. தட்டுப்பாட்டின் விலையும், ரூபாயின் வீழ்ச்சியுமே காரின்மேல் ஏறி அமர்ந்திருந்தன. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் இறக்குமதி வழி மீண்டும் திறக்கப்பட்டது. ரூபாயின் நிலையும் தீர்வை வரிகளும் விலைகளைப் பழைய இடத்துக்கு இறங்கவிடவில்லை என்பது மெய்யே. ஆயினும், கடை மூடியிருந்தபோது கொடுத்த தட்டுப்பாட்டு விலையை, கடை திறந்த பின்னரும் ஒருவர் கேட்பாராயின் நாம் கொடுக்கவேண்டியதில்லை. இரும்பும் றப்பரும் நாளுக்கு நாள் தேய்வனவே, வளர்வன அல்ல.

அங்ஙனமாயின் பெறுமதியைக் கணிக்கும் வழி யாது? அது மூன்று படிகளையுடைய எளிய கணக்கு. அதே வகையைச் சேர்ந்த, அதே வயதுள்ள, நல்ல நிலையிலுள்ள காருக்குச் சந்தை கொடுக்கும் விலையை முதலில் அறியவேண்டும். நம் முன்னே நிற்கும் காரை அந்த நல்ல நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அதிலிருந்து கழிக்கவேண்டும். எஞ்சிய தொகையிலிருந்து, அக்காரைப் பற்றி நமக்குத் தெரியாதவற்றின் விலையையும் கழிக்கவேண்டும். மிஞ்சுவதே பெறுமதி. மூன்றாவது படியையே பலர் மறந்துவிடுகின்றனர். பெரும்பாலான நட்டங்கள் அங்கேதான் நேர்கின்றன.

முதலாவது படியை எடுத்துக்கொள்வோம். ஒரே வகைக் கார்கள் ஐந்துக்கு விலை கேட்டோம் என்று கொள்க. 41 இலட்சம், 42 இலட்சம், 43 இலட்சம், 44 இலட்சம், 55 இலட்சம் என விடை வருகிறது. இவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 45 இலட்சம் வரும். ஆனால் ஐவருள் நால்வர் 45 இலட்சத்துக்குக் குறைவாகவே கேட்கின்றனர்; ஒருவரின் பேராசை சராசரியை மேலே இழுத்துவிட்டது. விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 43 இலட்சம் கிடைக்கும், அதுவே நம்பத்தக்கது. இன்னுமொன்று: இவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. பேரத்துக்கென்று ஒவ்வொருவரும் ஒரு பங்கு கூட்டிச் சொல்வது உலக வழக்கு. ஆகவே, உண்மையில் அத்தகைய கார்கள் எத்தொகைக்குக் கைமாறின என்பதை அண்மையில் வாங்கியவர்களிடம் விசாரித்தல் வேண்டும். நம் உதாரணத்துக்கு 41 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது படி காரைப் பார்ப்பது. இங்கேதான் நாம் வாழும் இடத்தின் இயல்பு முன்னே வருகிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் எழுவான்கரை ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இங்கு வீசும் காற்றில் உப்பு உண்டு. ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். அந்த ஈரத்தில் உப்புக் கரைந்திருந்தால் மின்னேற்றம் எளிதிற் பாயும் ஊடகமாக அது மாறி, துரு பன்மடங்கு விரைவாகப் பரவும். மீன் ஏற்றிய வண்டிகளின் நிலை இன்னும் மோசமானது. பனிக்கட்டியுடன் கலந்த உப்புநீர் தளத்தின் இடுக்குகளில் வடிந்து தங்கிவிடும். படுவான்கரையில் ஓடிய வண்டிகளுக்குக் கடற்காற்றின் தொல்லை குறைவு. ஆனால் கிறவல் வீதிகளின் குலுக்கமும், மாரிகாலத்தில் நீர் பாயும் தாழ்பாலங்களும் அவற்றின் அடிப்பாகத்தைத் தாக்கியிருக்கும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், படகுப் பாதையில் ஏறி வாவியைக் கடந்து பழகிய வாகனங்களும் உண்டு.

ஆதலின், நம் பகுதியிற் கார் பார்ப்பவர் மேலே பார்ப்பதற்குமுன் கீழே பார்க்கவேண்டும். தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, கைவிளக்கைக் கொண்டு அடிச்சட்டத்தையும், கதவுகளின் அடிவிளிம்பையும், பிறேக் குழாய்களையும் பார்க்கவேண்டும். பின்பெட்டியில் மேலதிகச் சில்லு இருக்கும் குழியையும், கால்விரிப்பைத் தூக்கித் தளத்தையும் பார்க்கவேண்டும். அடிப்பாகம் முழுவதும் அண்மையிற் கறுப்புப் பூச்சுப் பூசப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். அது துருவைத் தடுப்பதற்காகவும் இருக்கலாம், மறைப்பதற்காகவும் இருக்கலாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றிக் கதவிலும் சில்லுக் காப்பிலும் வைத்துப் பாருங்கள். இரும்பு உள்ள இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த துவாரத்தைப் பசையால் நிரப்பி மேலே நிறம் பூசியிருந்தால், காந்தம் அங்கே ஒட்டாது வழுவும்.

துருவினும் கொடியது வெள்ளம். 2011 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தை வெள்ளம் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் நாட்டின் பல பாகங்கள் நீரில் ஆழ்ந்தன. இத்தகைய அனர்த்தங்களுக்குப் பின்னர், நீரில் நின்ற வாகனங்கள் கழுவி உலர்த்தப்பட்டு வேற்றூர்ச் சந்தைகளுக்குச் செல்வது எங்கும் நிகழ்வதே. அவற்றின் இயந்திரம் உடனே பழுதாகாது. மின்கம்பி இணைப்புகளில் நுழைந்த ஈரம் மாதங்கள் கழிந்தே தன் வேலையைக் காட்டும். இருக்கைப் பட்டியை அதன் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். இருக்கையின் அடியிலுள்ள ஆணிகளில் துரு, முன்விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தில் நீர்ப்பனி, கதவை மூடியவுடன் எழும் பூஞ்சண மணம் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால், அக்கார் நீரில் நின்றதென்று ஐயுறலாம்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை எல்லாரும் பார்க்கின்றனர். ஆனால் கணக்குப் பார்ப்பவர் சிலரே. பத்தாண்டு வயதுடைய கார் 40,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியதென்று மானி கூறினால், அது ஆண்டுக்கு 4,000 கிலோமீற்றர். நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய் வந்திருந்தாலே ஆண்டுக்கு 7,200 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். மானியைத் திருத்துவது எளிது. கால்மிதியின் றப்பர்த் தேய்வையும், சுக்கானின் வழுவழுப்பையும், சாரதி இருக்கையின் குழிவையும் திருத்துவது அவ்வளவு எளிதன்று. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அந்த ரயர் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்று பொருள். மிகக் குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் காருக்கு ரயர்கள் மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று வினவவேண்டும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த காராயின், அங்கே ஏலத்தில் விடப்பட்டபோது எழுதிய ஏலத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். அதிற் காரின் தரமும், ஓடிய தூரமும், கீறலும் துருவும் பழுதுபார்த்த இடங்களும் குறியீடுகளாற் காட்டப்பட்டிருக்கும்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே முடுக்கிப் பார்க்கவேண்டும். நாம் வருவதற்குமுன் அதனைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாட் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். நீலப் புகை ஒயில் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகையாகச் செல்வதையும், நில்லாது வரும் அடர்ந்த வெண்புகை குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதையும் பெரும்பாலும் குறிக்கும். ஒரு ரயரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சில்லுகளின் நேர்நிலை தவறியிருக்கலாம். விபத்தில் அடிச்சட்டம் வளைந்தும் இருக்கலாம்.

கண்ட குறை ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, எதிரே அதனைத் திருத்தும் செலவைக் கராஜில் விசாரித்து எழுதுங்கள். நம் உதாரணக் காருக்கு ரயர்கள் 1 இலட்சத்து 20 ஆயிரம், துருவகற்றி நிறம் பூச 1 இலட்சத்து 50 ஆயிரம், பிறேக்கும் அடிப்பாகப் பூட்டுகளும் 80 ஆயிரம் எனக் கொள்வோம். மொத்தம் மூன்றரை இலட்சம். 41 இலட்சத்தில் இதனைக் கழித்தால் முப்பத்தேழரை இலட்சம் எஞ்சும்.

இனி மூன்றாவது படி. அக்கார் பெற்றோலாலும் மின்னாலும் ஓடும் ஹைபிரிட் வகையென்று வைத்துக்கொள்வோம். அதன் பெரிய பற்றரி ஆண்டுகளாலும் வெப்பத்தாலும் தளர்வது. கண்ணாற் பார்த்து அதன் நிலையை அறியமுடியாது. மாற்ற நேர்ந்தால் நான்கு இலட்சம் செலவாகும் என்றும், மாற்ற நேர்வதற்கும் நேராமைக்கும் சமமான வாய்ப்பு உண்டென்றும் கொள்க. அங்ஙனமாயின் அறியாமையின் விலை இரண்டு இலட்சம். காரின் பெறுமதி முப்பத்தைந்தரை இலட்சமாகக் குறைகிறது. ஆனால், தகுந்த கருவியுள்ள ஓரிடத்தில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பற்றரியைச் சோதித்துவிட்டால் நிலைமை தெளிவாகிவிடும். பற்றரி நன்றெனில் பெறுமதி முப்பத்தேழரை இலட்சம். தீதெனில் முப்பத்து மூன்றரை இலட்சம். சில ஆயிரத்தைச் சேமிக்க எண்ணி, நான்கு இலட்ச வேறுபாட்டை இருளில் விட்டுவிடுதல் அறிவுடைமையாகுமா? ஆழம் தெரியாமற் காலை விடாதே என்று வாவிக்கரையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, இந்த அறியாமை சந்தை முழுவதையும் எவ்வாறு கெடுக்கும் என்று விளக்கியது. மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த பின்னரே அக்கட்டுரை அச்சேறிற்று. 2001 இல் அவ்வாய்வுத் துறைக்காக அவர் வேறிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்கர் பழுதான காரை எலுமிச்சம்பழம் என்று பரிகாசமாக அழைப்பர். ஆகவே அக்கட்டுரையின் தலைப்பிலும் எலுமிச்சை இடம்பெற்றது. அதன் கருத்தை நம் கணக்கிற் சொல்வோம். சந்தையில் 40 இலட்சம் பெறும் நல்ல கார்களும், 20 இலட்சம் பெறும் தீய கார்களும் சம அளவில் உள்ளன. எது எது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத வாங்குபவர் நடுவான 30 இலட்சத்துக்குமேற் கொடுக்க அஞ்சுவார். 40 இலட்சம் பெறும் காரை 30 இலட்சத்துக்கு விற்க நல்ல காருடையவர் விரும்பாது விலகிவிடுவார். பின்னர்ச் சந்தையில் எஞ்சுவன தீய கார்களே. வாங்குவோர் அதனையும் உணர்ந்து 20 இலட்சத்துக்கு இறங்குவர். ஏமாற்றுபவரால் நட்டமடைவோர் வாங்குவோர் மட்டுமல்லர். நேர்மையாக விற்க வந்தவர்களுமே என்பது இதனாற் பெறப்படும்.

இதிலிருந்து விற்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. நல்ல காரை வைத்திருப்பவர் அதன் நன்மையை நிறுவிக் காட்டவேண்டும். பராமரிப்புப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்தல், வாங்குபவர் விரும்பிய கராஜுக்குக் காரைக் கொண்டுசெல்ல இசைதல், விபத்து நேர்ந்திருந்தால் மறையாது கூறுதல் ஆகியவை அவருக்கே பணமாகத் திரும்பும். முன்னர்ச் சொன்ன இரண்டு இலட்சம் ரூபாய், காரிலுள்ள குறைக்காகக் கழிக்கப்பட்டதன்று; காட்டாத சான்றுக்காகக் கழிக்கப்பட்டது.

நம் ஊர்களில் ஒருகாலத்தில் இச்சான்றின் இடத்தை உறவும் அறிமுகமும் நிரப்பின. ஒரே தெருவில் வாழும் மாமனார் பழுதான காரை மருமகனுக்கு விற்றுவிட்டு, நாளைக்குக் கோயிலில் அவர் முகத்தில் விழிக்கவேண்டுமே என்ற எண்ணமே உத்தரவாதமாக இருந்தது. இன்றோ குருநாகலிலும் கம்பஹாவிலும் ஓடிய கார், நான்கு கை மாறி, தரகர் வழியாக நம்மிடம் வருகிறது. கடைசியாக விற்பவர் நம் உறவினராயினும், அதன் முன்கதை அவருக்கே தெரியாதிருக்கலாம். ஆயினும் நாம், “அண்ணனுடைய காரை எப்படிக் குனிந்து பார்ப்பது?” என்று கூச்சப்படுகிறோம். பார்ப்பது அண்ணனைச் சோதிப்பதாகாது. அண்ணனுக்கு முன்னே வந்தவர்களின் கைகளைச் சோதிப்பதேயாகும். பார்க்காமல் வாங்கிப் பின்னர் மனத்தாங்கல் கொள்வதைவிட, பார்த்து வாங்கி உறவைக் காப்பது மேலானது.

பத்திரங்களும் காரின் ஓர் உறுப்பே. பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், லீசிங் கடன் தீர்ந்ததற்குச் சான்று கேட்கவேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவு விவரங்களைக் கேட்டு ஒப்புநோக்கலாம். உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் மட்டும் பெற்று, பெயரை மாற்றாமலே கைமாறும் ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கம் பெருந்தீங்கு. பதிவிலுள்ள உரிமையாளர் இறந்துவிட்டாலோ, வெளிநாடு சென்றுவிட்டாலோ, பணம் கொடுத்த கார் நம் முற்றத்தில் நிற்கும். உரிமை வேறொருவரின் வாரிசுகளிடம் நிற்கும். விற்றவருக்கும் அமைதியில்லை, அந்த வண்டியால் விபத்து நேர்ந்தால் பொலிஸார் முதலில் தேடிச் செல்வது அவரையே.

இறுதியாக, பெறுமதியைச் சரியாகக் கணித்தவரும் தவணைக் கணக்கில் தவறுவதுண்டு. 40 இலட்ச ரூபாய்க் காருக்கு 16 இலட்சத்தை முதலிற் செலுத்தி, மாதம் 65,000 ரூபாயாக 60 மாதம் கட்டுவதென்றால், தவணைகளின் கூட்டுத்தொகை 39 இலட்சம். மொத்தம் 55 இலட்சம். மாதத் தொகை சிறிதாகத் தோன்றுகிறது என்பதற்காகக் கார் மலிவாகிவிடாது.

ஆகவே நேயர்களே, கார் வாங்கச் செல்லும் நாளில் நான்கு பொருள்களை உடன் கொண்டு செல்லுங்கள்: ஒரு தாளும் எழுதுகோலும், ஒரு கைவிளக்கு, ஒரு சிறு காந்தம், அந்தக் காரில் எவ்வித ஆதாயமும் இல்லாத ஒரு மெக்கானிக். முற்பணத்தை மட்டும் அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். கையிற் பணமிருந்தால் கண் அவசரப்படும். நீங்கள் எழுதிய கணக்கை இரவில் வீட்டாருடன் இருந்து இன்னுமொருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். விற்பவர் சொன்ன விலை அதற்கு மேற்பட்டிருந்தால், உங்கள் தொகையை மரியாதையுடன் சொல்லி விடைபெறுங்கள். சந்தையில் இன்னொரு கார் வரும். உழைத்துச் சேர்த்த பணம் அவ்வாறு மீண்டும் வருவதில்லை.